எண்டர்பிரைஸின் ஓட்டைகளும் அடைப்புகளும்: வாசகர் கேள்வி – பதில்

ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் முதல் வடிவத்தை இன்றைக்கும் பார்க்கலாமா என்று கொக்குவில் வாசகர் ஒருவர் கேட்டதற்கு, கட்டாயம் பார்க்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். 1966 செப்டெம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை அமெரிக்காவின் என்.பி.சி. ஒளிபரப்பிய 79 அத்தியாயங்களையே அங்கே குறிப்பிட்டேன். எண்டர்பிரைஸ் என்ற விண்கலம் கப்டன் கேர்க்கின் தலைமையில் கோள் கோளாகச் செல்லும் கதைகள் அவை. அதைப் படித்துவிட்டுத் தொடரைப் பார்க்கத் தொடங்கியவர்களும் முன்பே பார்த்தவர்களும் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை கதைகளில் உள்ள ஓட்டைகளையும், திரும்பத் திரும்ப வரும் வழக்கங்களையும் பற்றியவை. இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, ‘த எனிமி விதின்’ அத்தியாயத்தில் கலத்தைச் செலுத்தும் சூலூவும் கூட வந்தவர்களும் உறைபனிக் கோளில் அகப்பட்டுச் சாகக் கிடக்கிறார்கள். எண்டர்பிரைஸில் ‘கலிலியோ’ என்ற சிறிய விண்படகு இருக்கிறதே, அதை அனுப்பி அவர்களை ஏன் ஏற்றிவரவில்லை?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: அந்த அத்தியாயம் படமாக்கப்பட்டபோது விண்படகு கட்டப்பட்டிருக்கவில்லை. விளையாட்டு மாதிரிகளைத் தயாரிக்கும் ஏ.எம்.ரி. நிறுவனம், படகின் சிறிய உருமாதிரியை விற்கும் உரிமைக்கு ஈடாக, முழு அளவுப் படகைக் கட்டும் செலவை ஏற்றுக்கொண்ட பிறகே ‘கலிலியோ’ உருவானது. 1967 ஜனவரி 5 இல் வந்த ‘த கலிலியோ செவன்’ அத்தியாயத்துக்காக அது கட்டப்பட்டது. நீங்கள் கேட்கும் அத்தியாயமோ 1966 ஒக்டோபர் 6 இலேயே ஒளிபரப்பாகிவிட்டது. எனவே அதை எழுதிய ரிச்சர்ட் மதிசன் மீது குறை சொல்வதற்கில்லை. ஆயினும் பார்ப்பவர் எவரும் தயாரிப்பு வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கதை பார்ப்பதில்லை. சில மாதங்களில் அதே கலத்திலிருந்து படகு புறப்படுவதைக் கண்டவர், ‘அன்றைக்கு இது எங்கே இருந்தது?’ என்று கேட்பது நியாயந்தான்.

இந்த ஓட்டையை மற்றவற்றைவிடக் கடுமையாக நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஆட்களை நொடியில் கோளுக்கும் கலத்துக்கும் அனுப்பும் இடமாற்றுக் கருவியில் ஏற்படும் பழுதினால் கப்டன் கேர்க் இரண்டு ஆட்களாகப் பிரிந்துபோகிறார். ஒருவர் மூர்க்கர், மற்றவர் சாந்தமானவர். மூர்க்கம் நீங்கினால் நல்ல தலைவர் எஞ்சுவார் என்று நாம் எதிர்பார்த்திருக்கையில், சாந்தமான கேர்க்கினால் எந்த முடிவையும் எடுக்க முடியாமற் போவதைக் கதை படிப்படியாகக் காட்டுகிறது. கட்டளையிடும் உறுதி, நாம் வெளியே காட்ட வெட்கப்படும் அந்தப் பாதியிலிருந்தே வருகிறது என்பது எவ்வளவு துணிவான எண்ணம்! கீழே பூச்சியத்துக்குக் கீழ் 120 பாகை வரை குளிர் இறங்கும் இரவில் ஆட்கள் உறைந்துகொண்டிருப்பதனால்தான், மேலே அவர் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் நம்மை வதைக்கிறது. படகு ஒன்று இருந்துவிட்டால் அந்தத் தயக்கத்துக்கு விலையே இல்லாமற் போய்விடும். ஓட்டை கதையின் அச்சாணியிலேயே விழுந்திருக்கிறது. மேல்வளியில் வீசும் புயலில் எந்தப் படகும் இறங்க முடியாது என்று கலத்தின் அறிவியல் அதிகாரி ஸ்பொக் ஒரு வசனம் பேசியிருந்தாலே போதும். ஆனால் படகு என்ற ஒன்றே மனத்தில் இல்லாதபோது அதற்கு விளக்கம் எழுத எவருக்குத் தோன்றும்?

கேள்வி: இடமாற்றுக் கருவி பழுதாவதும், தொடர்புக் கருவிகளை எதிரிகள் பறித்துக்கொள்வதும் வாரம் தவறாமல் நடக்கின்றன. எழுதியவர்களுக்கு வேறு கற்பனையே வரவில்லையா?
— வாசகி, கோப்பாய்

பதில்: தொடரின் இலக்கணமே உங்கள் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் ஒரு மாபெரும் விண்கலம் ஏதாவது ஒரு கோளில் இறங்குவதைப் படமாக்கப் பணமும் காலமும் போதாது என்பதனாலேயே, ஆளை இங்கே கரைத்து அங்கே உருவாக்கும் கருவியை தொடரை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரியும் அவருடைய குழுவினரும் புகுத்தினார்கள். பளபளக்கும் துகள்களைப் படம்பிடித்து நடிகரின் உருவத்தின் மேல் பதித்துவிட்டால் வேலை முடிந்தது. சிக்கனத்துக்காக வந்த அந்தக் கருவி, எந்த ஆபத்திலிருந்தும் சில நொடிகளில் தப்பிவிடக்கூடிய கதைமாந்தரை உருவாக்கிவிட்டது. ஆபத்து இல்லாமல் கதை இல்லை. ஆதலால் கதை சூடுபிடிப்பதற்கு முன்னர் அந்தக் கதவை எப்படியாவது சாத்திவிட வேண்டிய கட்டாயம் ஒவ்வோர் எழுத்தாளருக்கும் வந்தது. மின்னேற்றத் துகள்களாலான அயன் புயல் வீசியது, பாதுகாப்புக் கவசம் உயர்ந்தது, தொடர்புக் கருவி பறிபோனது.

இத்தொடரில் தேய்வழக்கு என்று நாம் அலுத்துக்கொள்ளும் பலவற்றை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். முதலில் ஓர் ஓட்டை உண்டாகிறது, அதை மூட ஓர் அடைப்பு வருகிறது, வாரந்தோறும் போட்டு அந்த அடைப்பே பழகிப்போய்விடுகிறது. நல்ல எழுத்தாளர் கையில் அடைப்பே கதையாகவும் மாறும் என்பதற்கு 1967 ஒக்டோபர் 6 இல் வந்த ‘மிரர், மிரர்’ சான்று. அங்கேயும் அயன் புயலில் இடமாற்றுக் கருவி தடுமாறத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் தடுமாற்றம் நால்வரை, கொலை செய்து பதவி உயரும் கொடிய எண்டர்பிரைஸ் ஒன்றுக்குள் தள்ளிவிடுகிறது. கதவைச் சாத்துவதற்கு மட்டும் பயன்பட்ட பழுது, அங்கே புதிய கதவொன்றைத் திறக்கிறது.

கேள்வி: கான் என்னும் வில்லன் வரும் ‘ஸ்பேஸ் சீட்’ அத்தியாயத்தில் கலத்தின் அதிகாரி செக்கோவ் இல்லவே இல்லை. அப்படியானால் 1982 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் கான் அவருடைய முகத்தை எப்படி அடையாளம் காண்கிறான்?
— வாசகர், மானிப்பாய்

பதில்: அந்த அத்தியாயம் 1967 பெப்ரவரி 16 இல் வந்தது, செக்கோவாக நடித்த வோல்டர் கோனிக் அவ்வாண்டு செப்டெம்பரில் தொடங்கிய இரண்டாம் பருவத்திலேயே சேர்ந்தார். ஆனால் நானூறுக்கு மேற்பட்டோர் பணிபுரியும் கலத்தில், நம் பார்வைக்கு வராத தளமொன்றில் செக்கோவ் முன்பே வேலை செய்துகொண்டிருந்தார் என்று கொள்வதற்கு என்ன தடை? செக்கோவ் தோன்றும் ‘கற்ஸ்போ’ அத்தியாயத்தின் விண்திகதி 3018.2, ‘ஸ்பேஸ் சீட்’டின் விண்திகதி 3141.9 ஆகும். கதையின் நாட்காட்டிப்படி அவர் கானுக்கு முன்பே கலத்தில் இருக்கிறார். எவருடைய உயிரும் மானமும் இதில் தங்கியிருக்கவில்லை என்பதால் இதை நான் ஓட்டையாகவே கணிப்பதில்லை.

கேள்வி: சிவப்புச் சட்டைக்காரர் கோளில் இறங்கினால் சாவது உறுதி என்று என் மகன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். இது உண்மையா, ஊர்க்கதையா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: இரண்டும் கலந்தது. கலத்தின் பொறியியல், பாதுகாப்பு, தொடர்பாடல் ஆகிய பிரிவுகளில் பணிபுரிவோர் எல்லோருக்கும் சிவப்புத்தான் சீருடை. ஆட்களும் அங்கே அதிகம், ஆபத்தான வேலையும் அங்கே அதிகம். ஆகவே சாவும் அங்கே கூடுகிறது. அதே சிவப்பை உடுத்த பொறியியலாளர் ஸ்கொட்டியும் தொடர்பாடல் அதிகாரி உஹூராவும் தொடர் முழுவதும் இருக்கிறார்கள். எனினும் ‘த அப்பிள்’ அத்தியாயத்தில் ஒரே கோளில் நான்கு சிவப்புச் சட்டைக்காரர் அடுத்தடுத்து மடிவதைப் பார்த்த பிறகு, உங்கள் மகனைத் திருத்த எனக்கு மனமில்லை.

முக்கிய பாத்திரங்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது பார்வையாளருக்குத் தெரிந்திருப்பதே இங்கே உள்ள ஓட்டை; பெயரில்லாத ஒருவரின் சாவு அதற்கான அடைப்பு. நான் பொறுத்துக்கொள்ள மறுப்பது சாவை அல்ல, சாவுக்குப் பின் வரும் மறதியை. ‘த சேஞ்ச்லிங்’ அத்தியாயத்தில் ‘நோமட்’ என்னும் இயந்திரம் ஸ்கொட்டியைக் கொன்று, கேர்க் கேட்டுக்கொண்டதும் உயிர்ப்பித்துத் தருகிறது. அதே இயந்திரம் காவலர் நால்வரை ஆவியாக்குகிறது. அவர்களைப் பற்றி எவரும் ஒரு சொல் பேசுவதில்லை. கதை வேடிக்கைப் பேச்சில் முடிகிறது. நினைவு முழுவதும் அழிக்கப்பட்ட உஹூரா எழுத்துக்கூட்டி வாசிப்பதிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்குகிறார். அடுத்த வாரம் ஒன்றுமே நடவாததுபோலத் தன் ஆசனத்தில் இருக்கிறார்.

இதற்கு நேர்மாறாக ‘பலன்ஸ் ஒஃப் டெரர்’ இருக்கிறது. கலத்தின் சிற்றாலயத்தில் ஒரு திருமணம் தொடங்கும்போதே போர் அபாய ஒலி எழுகிறது. அன்றைய சமரில் எண்டர்பிரைஸ் இழக்கும் ஒரே உயிர் மணமகனுடையது. இறுதியில் கேர்க் மணமகளைத் தேடி அதே ஆலயத்துக்குப் போகிறார். ஒரு சாவை எப்படி மதிக்க வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தவர்களே மறந்தார்கள் என்பதுதான் வருத்தம் தருகிறது.

கேள்வி: ‘தற் விச் சர்வைவ்ஸ்’ அத்தியாயத்தில் எண்டர்பிரைஸ் 990.7 ஒளியாண்டு தூரத்துக்குத் தூக்கி வீசப்படுகிறது. வார்ப் 8.4 வேகத்தில் 11.337 மணித்தியாலத்தில் திரும்பிவிடலாம் என்கிறார் ஸ்பொக். என் கணக்கின்படி ஒரு வருடமும் எட்டு மாதமும் ஆகும். நான் எங்காவது பிழைவிட்டேனா?
— உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: உங்கள் கணக்குச் சரி. எழுத்தாளர்களுக்கென வகுக்கப்பட்ட விதிப்படி, வார்ப் எண்ணின் கனமே ஒளியின் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதைத் தரும். 8.4 இன் கனம் ஏறத்தாழ 593, 990.7 ஐ 593 ஆல் வகுத்தால் நீங்கள் சொன்ன காலமே வரும். பதினொன்றே கால் மணித்தியாலத்தில் அத்தூரத்தைக் கடக்க வேண்டுமானால் ஒளியைப் போல் ஏழரை இலட்சம் மடங்குக்கும் மேற்பட்ட வேகம் வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். பதினொன்றரை மணித்தியாலம் என்று சொல்லும் லெப்டினன்டைத் திருத்தி, 11.337 என்று மூன்று தசமதானங்களுக்கு விடை சொல்கிறார் ஸ்பொக். திருத்தியவரின் அடிப்படைக் கணக்கே ஆயிரம் மடங்குக்கு மேல் தவறியிருக்கிறது.

இவ்வகைத் தவறுகளைக் கதையோட்டை என்று சொல்ல மாட்டேன், கவனக்குறைவு என்பேன். ஆனால் தருக்கத்துக்கும் கணிதத்துக்கும் உருவம் கொடுத்து ஒரு நாயகனைத் தந்த தொடர், கணக்கில் கவனமாக இருந்திருக்கத்தான் வேண்டும். 593 மடங்கு வேகத்தில் 11.337 மணித்தியாலத்தில் செல்லக்கூடிய தூரம் ஏறத்தாழ முக்கால் ஒளியாண்டு. வசனத்தில் அதை எழுதியிருந்தாலும் கோளில் இறங்கிய கேர்க் தனித்து விடப்பட்டிருப்பார், கலம் அரை நாள் கழித்தே வந்திருக்கும், கதையில் ஓர் எழுத்தும் மாறியிராது. ‘கோர்ட் மார்ஷல்’ அத்தியாயத்திலும் இத்தகைய ஒரு சறுக்கல் உண்டு. கலத்திலுள்ளோரின் இதயத் துடிப்புகளைக் கேட்பதற்காக, ஒலியை ஒன்றின் நான்காம் வலு அளவுக்குப் பெருக்கப்போவதாக விசாரணை மன்றத்துக்குக் கேர்க் அறிவிக்கிறார். ஒன்றை எத்தனை தடவை ஒன்றால் பெருக்கினாலும் ஒன்றே என்பது உங்கள் மாணவர்களுக்குத் தெரியும். பத்தின் நான்காம் வலு என்று இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: கேர்க் பேசிப் பேசியே கணினிகளைச் சாகடிக்கிறாரே, இது நடக்கக்கூடியதா?
— உயர்தர மாணவி, உடுவில்

பதில்: நடக்காது. முரண்பாடான கூற்றொன்றைக் கொடுத்தால் கணினி பிழைச்செய்தி காட்டும், அல்லது முடிவில்லாத சுழற்சியில் மாட்டி உறைந்து நிற்கும், புகை கக்காது. ‘த ரிட்டேர்ன் ஒஃப் த ஆர்கொன்ஸ்’ஸில் லண்ட்ரூ, ‘த சேஞ்ச்லிங்’கில் நோமட், ‘ஐ, மட்’டில் இயந்திர மனிதர் கூட்டம், ‘த அல்டிமேட் கொம்பியூட்டர்’ரில் எம்-5 என, 1967 பெப்ரவரியிலிருந்து 1968 மார்ச்சுக்குள் நான்கு தடவை இது நடந்துவிடுகிறது. எல்லாம் அறிந்த எதிரியைப் படைத்துவிட்டு அதை வெல்லும் வழி தெரியாமல் நிற்கும் எழுத்தாளருக்கு, பேச்சுத்தான் செலவில்லாத ஆயுதம்.

இந்த நான்கையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்று மட்டும் சொல்வேன். தான் சொல்வதெல்லாம் பொய் என்ற ஒற்றை வசனத்தைக் கேட்டு இயந்திர மனிதன் செயலிழப்பதை வேடிக்கையாகவே கொள்ளலாம். எம்-5 இன் முடிவு அப்படியல்ல. அதை ஆக்கிய டேஸ்ட்ரம் தன்னுடைய மனப்பதிவுகளையே அதற்குள் இறக்கியிருக்கிறார். அவருடைய நம்பிக்கைகளும் அதற்குள் போய்விட்டன. போர்ப் பயிற்சியில் வந்த கலங்களில் இருந்த மனிதரைத் தான் கொன்றுவிட்டதை எம்-5 உணரும்போது, கொலைக்குத் தண்டனை மரணம் என்ற அவருடைய நம்பிக்கையே அதையும் பிடித்துக்கொள்கிறது; தன் கவசத்தைத் தானே இறக்குகிறது. அங்கே கேர்க் தோற்கடிப்பது ஒரு கருவியை அல்ல, கருவிக்குள் குடியேறிய மனச்சாட்சியை. எம்-5 ஐப் படைத்த எழுத்தாளர் அடைப்பைக் கதையின் உடம்போடு சேர்த்துத் தைத்திருக்கிறார். அதனால்தான் டேஸ்ட்ரமின் சரிவு இன்றும் மனத்தைப் பிசைகிறது.

கேள்வி: வேற்றுக் கோள்களில் உரோமாபுரி, சிக்காகோ, நாசி ஜெர்மனி என்று நம் பூமியே திரும்பத் திரும்ப வருவதற்கு என்ன விளக்கம்?
— வாசகர், காரைநகர்

பதில்: கதைக்கு வெளியே உள்ள விளக்கம் எளியது. படப்பிடிப்பு வளாகங்களில் அமெரிக்கத் தெருக்களும் பழைய உடுப்புகளும் ஆயத்தமாக இருந்தன. ‘மிரி’யில் வரும் வேற்றுக்கோள் நகரமும், ‘த சிட்டி ஒன் த எட்ஜ் ஒஃப் ஃபோரெவர்’இல் வரும் 1930 ஆம் ஆண்டின் நியூயோர்க்கும் கல்வர் சிட்டியில் இருந்த ஒரே தெருவில் எடுக்கப்பட்டவை. நாட்டுக்கூத்தின் வட்டக்களரியில் அரசன் இரண்டு சுற்று ஆடிவந்தால் அது காட்டுப்பயணம் என்று நாம் ஏற்றுக்கொள்வதைப் போல், அந்தத் தெருவையும் வேற்றுலகம் என்று ஏற்றுக்கொள்ள நான் ஆயத்தமாகவே இருக்கிறேன். குறை தெருவில் இல்லை, கதை தானே போட்ட முடிச்சைத் தானே மறப்பதில் இருக்கிறது. கண்டங்கள் வரை பூமியை அச்சாக ஒத்த கோளொன்றைக் காட்டித் தொடங்கும் ‘மிரி’, அந்த வியப்பை அப்படியே கைவிட்டு வேறு கதைக்குப் போய்விடுகிறது. இறுதிவரை காரணம் வருவதில்லை. ‘அ பீஸ் ஒஃப் தி அக்ஷன்’ அப்படிச் செய்யவில்லை. முன்பு வந்த கலமொன்று விட்டுச்சென்ற சிக்காகோக் குண்டர் பற்றிய நூலை வேதமாகக் கொண்ட மக்கள் என்று ஒரு காரணத்தைச் சொல்லி, அந்தக் காரணத்திலிருந்தே முழுக் கதையையும் வளர்க்கிறது. ‘தி ஒமேகா குளோரி’யில் வேற்றுக்கோள்வாசிகள் அமெரிக்க அரசியலமைப்பைக் கையில் வைத்திருக்கும் காட்சிக்கு மட்டும் என்னால் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

கேள்வி: காலப்பயணம் செய்ய வழி தெரிந்தவர்கள், இறந்தவர்களை ஏன் காப்பாற்றுவதில்லை?
— வாசகி, வட்டுக்கோட்டை

பதில்: 1967 ஏப்ரல் 6 இல் ‘த சிட்டி ஒன் த எட்ஜ் ஒஃப் ஃபோரெவர்’ ஒளிபரப்பானது. அதில் காலத்தின் வாசலொன்றினூடாக 1930 க்குப் போகும் கேர்க் அங்கே எடித் கீலர் என்ற பெண்ணை நேசிக்கிறார். எடித் உயிரோடிருந்தால் அவருடைய சமாதான இயக்கத்தால் அமெரிக்கா போரில் இறங்கத் தாமதமாகி, ஜெர்மனி உலகை வென்றுவிடும் என்பதற்காக, தான் நேசித்த பெண் வாகனத்தில் மோதுண்டு சாவதைக் கேர்க் தடுக்காமல் நிற்கிறார். அடுத்த வாரம், ஏப்ரல் 13 இல் வந்த ‘ஒப்பரேஷன்: எனிஹிலேட்’டில் கேர்க்கின் சொந்தச் சகோதரர் இறந்துகிடக்கிறார். காலத்தின் வாசல் எங்கே என்று அறிந்தவர், அங்கே போக நினைக்கக்கூட இல்லை. முதற் பார்வைக்குப் பெரிய ஓட்டைபோலத் தோன்றும் இது, என் கணிப்பில் ஓட்டையே அல்ல. எடித்தின் சாவு அவருக்குக் கற்பித்த பாடமே அதுதானே? ஒருவரை மீட்பதற்காக இறந்தகாலத்தில் கைவைத்தால் எத்தனை கோடிப்பேரின் வாழ்வு குலையும் என்பதை அவர் கண்ணால் கண்டுவிட்டார். ஒரு வசனத்தில் அதை நினைவூட்டியிருந்தால் இரண்டு கதைகளும் ஒன்றையொன்று உயர்த்தியிருக்கும்.

மெய்யான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. ‘டுமொரோ இஸ் யெஸ்டர்டே’யில் சூரியனை அதிவேகமாகச் சுற்றிவருவதன் மூலம் கலம் தன் காலத்துக்கு மீள்கிறது. அங்கே அது உயிரைப் பணயம் வைத்த கடைசி முயற்சி. 1968 மார்ச்சில் வந்த ‘அசைன்மென்ட்: ஏர்த்’தில் அதே வித்தை, வரலாற்று ஆய்வுக்காக 1968 ஐப் பார்த்துவரும் வழமையான கடமையாகிவிட்டது. இவ்வளவு எளிதானால், அதற்குப் பிறகு வரும் எந்தப் பேரழிவையும் நாம் ஏன் அஞ்ச வேண்டும்? ‘பிளேட்டோஸ் ஸ்டெப்சில்ட்ரன்’இல் கிடைத்த, பொருள்களை மனத்தால் அசைக்கும் ஆற்றலுக்கும் இதே கதிதான். ஒரு வாரத்தில் மலையைப் புரட்டிய கருவி அடுத்த வாரம் எவர் நினைவிலும் இல்லை.

கேள்வி: கிளிங்கன்கள் என்னும் வேற்றுலகப் போர் இனத்தாரின் நெற்றி முதலில் வழுவழுப்பாகவும் பின்னர் மேடுபள்ளமாகவும் இருப்பது ஏன்?
— வாசகர், அளவெட்டி

பதில்: 1979 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஒப்பனைக்கு அதிக பணம் கிடைத்தது; அவ்வளவுதான். 1996 இல் பின்தொடர் ஒன்று இதை எடுத்து, வெளியாரோடு நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று கிளிங்கனான வோர்ஃப் சொல்வதோடு அழகாக முடித்துவைத்தது. 2005 இல் இன்னொரு பின்தொடர், மரபணு மாற்றமும் வைரசும் என்று இரண்டு அத்தியாயங்கள் செலவிட்டு விளக்கியது. எனக்கு வோர்ஃபின் மௌனமே போதும்.

கேள்வி: பிற உலகங்களின் வாழ்வில் தலையிடக் கூடாது என்பது இவர்களுடைய முதன்மை விதி. ‘அ டேஸ்ட் ஒஃப் ஆர்மகெடன்’இல் கேர்க் அதை மீறுவது மட்டுமல்ல, இரண்டு உலகங்களையும் மெய்யான போரின் வாசலில் நிறுத்திவிட்டுப் போகிறார். இதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, நெல்லியடி

பதில்: அம்மா, இக்கடிதங்களுள் என்னை அதிகம் யோசிக்கவைத்தது உங்களுடையது. கதையை அறியாத வாசகருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எமினியார், வெண்டிகார் என்னும் இரு கோள்கள் 500 ஆண்டுகளாகப் போரிடுகின்றன. குண்டுகள் விழுவதில்லை, கணினிகள் தாக்குதலைக் கணித்து, இறந்தவர் யார் என்று பட்டியலிடுகின்றன, பட்டியலில் உள்ளவர்கள் தாமாகவே அழிப்பறைக்குள் நடந்துபோகிறார்கள். கட்டடங்கள் நிற்கின்றன, பண்பாடு நிற்கிறது, ஆண்டுக்குப் பத்து இலட்சம் முதல் முப்பது இலட்சம் பேர் வரை சாகிறார்கள். கேர்க் அந்தக் கணினிகளைத் தகர்க்கிறார். போரின் கோரத்தை மறுபடி கண்டால் நீங்கள் சமாதானம் பேசுவீர்கள் என்பது அவருடைய வாதம்.

விதியை மீறினார் என்பதில் ஐயமில்லை. நெருங்க வேண்டாம் என்ற எச்சரிக்கைச் சமிக்ஞையை எமினியார் அனுப்பிய பின்னும், கலத்தில் வந்த தூதுவரின் கட்டளைக்கிணங்கக் கலம் உள்ளே போகிறது. ‘த ரிட்டேர்ன் ஒஃப் த ஆர்கொன்ஸ்’ஸிலும் ஸ்பொக் விதியை நினைவூட்ட, அது உயிரோட்டத்துடன் வளர்கின்ற சமூகங்களுக்கே பொருந்தும் என்று கேர்க் தள்ளிவிடுகிறார். எது வளரும் சமூகம் என்பதை வந்தவரே தீர்மானித்தால் விதி எதற்கு? தலையிடாத நாயகனை வைத்துக் கதை எழுத முடியாது என்பதே இங்கே உள்ள ஓட்டை. விதியை உரக்கச் சொல்லிவிட்டு உடனே விலக்கு ஒன்றைக் கண்டுபிடிப்பது அதற்குப் போட்ட அடைப்பு.

ஆனால் நீங்கள் தொட்டது இதனிலும் ஆழமானது. கோரம் தெரிந்தால் போர் நிற்கும் என்று கதை நம்புகிறது. 1983 முதல் 2009 வரை நீண்ட போருக்குள் வாழ்ந்த நம்மால் அதை எப்படி நம்ப முடியும்? பதுங்குகுழியிலும் இடம்பெயர்வுப் பாதையிலும் கோரம் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருந்தும் அது இருபத்தாறு ஆண்டு நீண்டது. கதைக்குள்ளேயே இதற்கு மறுப்பு உண்டு. கணினிப் போரைத் தொடங்குவதற்கு முன்னர் எமினியாரும் வெண்டிகாரும் மெய்யான குண்டுகளைத்தானே வீசியிருப்பார்கள்? அன்றைக்கு அவர்களைச் சமாதானத்துக்கு இழுத்துவராத அச்சம், இன்றைக்கு மட்டும் எப்படி இழுத்துவரும்? இதுவே அந்த அத்தியாயத்தின் மெய்யான ஓட்டை. இதற்கு எந்த அடைப்பும் போடப்படவில்லை. எனினும் அதன் முதற்பாதியை நான் கைவிட மாட்டேன். மனிதரைப் பட்டியலில் உள்ள எண்ணாக மாற்றிவிட்டால் போர் எவ்வளவு வசதியாகிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய தொலைக்காட்சிக் கதையை நான் கண்டதில்லை.

இதே தொடர் ஓர் ஆண்டு கழித்து, 1968 பெப்ரவரி 2 இல், ‘அ பிறைவற் லிட்டில் வோர்’ அத்தியாயத்தை ஒளிபரப்பியது. வியட்நாமில் டெட் தாக்குதல் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. கிளிங்கன்கள் ஒரு தரப்புக்குத் துவக்கு கொடுக்க, சமநிலை பேண மறுதரப்புக்கும் அதே துவக்கைக் கொடுக்கிறார் கேர்க். கலத்தின் மருத்துவர் டொக்டர் மக்கோய் கடுமையாக எதிர்க்கிறார். கேர்க்கிடம் திருப்தியான மறுமொழி இல்லை. வெற்றி பெற்ற முகத்தோடு எவரும் கலத்துக்குத் திரும்புவதில்லை. தலையிட்டவர் கையைத் துடைத்துக்கொண்டு போக முடியாது என்பதை ஒப்புக்கொள்ளும் அந்த முடிவை நீங்கள் பார்க்க வேண்டும், அம்மா. இரண்டு அத்தியாயங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஓர் அத்தியாயத்தில் கல்லறையில் ஜேம்ஸ் ஆர். கேர்க் என்று இருக்கிறது. மற்றவற்றில் ஜேம்ஸ் டி. கேர்க். சீருடையும் மாறுகிறது, மக்கோயையும் காணவில்லை. எந்த ஒழுங்கில் பார்த்தால் குழப்பம் வராது?
— மாணவன், நல்லூர்

பதில்: நீங்கள் சொல்வது ‘வெயார் நோ மான் ஹாஸ் கோன் பிஃபோர்’. அது இரண்டாவது மாதிரி அத்தியாயமாகத் தொடருக்கு முன்பே எடுக்கப்பட்டது, ஆனால் என்.பி.சி. அதை மூன்றாவதாக, 1966 செப்டெம்பர் 22 இல் ஒளிபரப்பியது. அதனால் முதல் இரண்டு வாரங்கள் கண்ட சீருடையும் மருத்துவரும் மூன்றாம் வாரத்தில் மாறிப்போயின. ஒளிபரப்பான ஒழுங்கை விட்டு, தயாரிக்கப்பட்ட ஒழுங்கில் பாருங்கள். பெயரிலுள்ள எழுத்தைத் தவிர மற்றக் குழப்பங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மூன்றாம் பருவத்துக்கு வரும்போது பணம் குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அங்கே ‘ஸ்பொக்ஸ் பிரெய்ன்’ஐத் தாண்டிப் போவதில் நட்டமில்லை. ‘ஸ்பெக்டர் ஒஃப் த கன்’னைத் தவறவிட வேண்டாம், முழு நகரத்தைக் கட்டப் பணமில்லாமல் முகப்புச் சுவர்களை மட்டும் நிறுத்தி, அந்த அரைகுறை நகரத்தையே கதையின் மர்மமாக்கியிருக்கிறார்கள்.